ஒரே ஆள், எட்டு உருவம்: தாமதத்தை அடுக்கி ஒரு நிமிடச் சோதனைப் படம் எடுப்பது எப்படி?

கறுப்புத் திரை. நடுவில் ஒருவர் அசையாமல் நிற்கிறார். வலது கையை மெல்ல உயர்த்துகிறார். அந்தக் கையிலிருந்து இன்னொரு கை பிரிகிறது, அதிலிருந்து இன்னொன்று, விசிறி விரிவதுபோல. கை உச்சிக்குப் போய் நின்றதும் பின்தங்கி வந்த கைகள் ஒவ்வொன்றாக அதில் வந்து அடங்குகின்றன. மறுபடி ஒரே ஆள்.

இந்த ஒரு காட்சியை வைத்தே ஒரு முழுச் சோதனைக் குறும்படம் எடுக்கலாம். ஒரு போன், அதை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்டு, இரண்டு விளக்குகள், இலவசமாகக் கிடைக்கும் ஒரு எடிட்டிங் மென்பொருள், இவ்வளவு இருந்தால் போதும். இதை மென்பொருளில் செய்யும் வித்தை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இதன் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது: இருட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, நடிப்பவர் எவ்வளவு நன்றாக நிற்கிறார். அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் படப்பிடிப்பைப் பற்றியே இருக்கும்.

எங்கிருந்து வந்தது இது?

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் வேலை செய்த நார்மன் மெக்லாரன், இரண்டு பாலே கலைஞர்களை வைத்து எடுத்த 'பா த தூ' என்ற கறுப்பு வெள்ளைப் படம் 1968-இல் வந்தது. சுமார் 13 நிமிடம். வெள்ளை உடை, கறுப்புப் பின்னணி, உடலின் விளிம்பு மட்டும் தெரியும் வெளிச்சம். எடுத்த காட்சியை ஆப்டிகல் பிரிண்டர் என்ற இயந்திரத்தில் போட்டு, அதே படச்சுருளில் அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பதிந்தார். ஒவ்வொரு முறையும் சில ஃப்ரேம் (ஓடும் படத்தின் ஒரு தனிப் படம்தான் ஒரு ஃப்ரேம்) தாமதமாக. அதிகபட்சம் 11 முறை.

அதற்கும் முன்னால், 1880-களில், பிரான்சின் எத்தியென்-ழூல் மரே ஒரே புகைப்படத் தகட்டில் நடையின் பல கட்டங்களைப் பதிந்தார். உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பாமல் இருக்க, நடப்பவருக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால்களில் வெள்ளைப் பட்டைகளை ஒட்டி, கறுப்புப் பின்னணிக்கு முன் நடக்கவிட்டார்.

இருவருக்கும் கறுப்பு ஏன் தேவைப்பட்டது? வெளிச்சம் படாத இடத்தில் படச்சுருள் இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த உருவம் அங்கே போய் உட்காரலாம். டிஜிட்டலிலும் இதே கணக்குதான்: எடுத்த வீடியோவை நகலெடுத்து, ஒவ்வொரு நகலையும் சில ஃப்ரேம் தள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம்.

முதல் வேலை: இருட்டைத் தயார் செய்வது

என் முதல் முயற்சியில் சுவர் போன் திரையில் கறுப்பாகத்தான் தெரிந்தது. எட்டு அடுக்கு சேர்ந்ததும் அது சாம்பல் மூட்டமாக எழுந்து வந்து ஆளையே மூடிவிட்டது. காரணம் எளிய பெருக்கல்தான். நான் பயன்படுத்தியது ஸ்கிரீன் என்ற கலப்பு முறை (மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் எப்படிக் கலக்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் அமைப்பு). பின்னணியின் பிரகாசம் வெறும் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் முறையில் பத்து அடுக்கு ஏறினால் அது 40 சதவீதத்தைத் தொட்டுவிடும். லைட்டன் என்ற முறை வேறு மாதிரி. எல்லா அடுக்குகளிலும் எது அதிகப் பிரகாசமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். 5 சதவீதம் 5-லேயே நிற்கும். அதனால் இந்தப் படத்துக்கு லைட்டன்தான் நம் முறை. ஆனாலும் லைட்டனை நம்பி இருட்டில் அசட்டையாக இருக்காதீர்கள். இருண்ட பகுதியில் நெளியும் புள்ளி இரைச்சலிலும் அது பிரகாசமானவற்றையே பொறுக்கி எடுக்கும்.

நல்ல கறுப்பு கிடைப்பது துணியால் அல்ல, தூரத்தால். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். விளக்கு ஆளிடமிருந்து 1 மீட்டர், சுவர் விளக்கிலிருந்து 4 மீட்டர் என்றால், சுவருக்குக் கிடைப்பது ஆளுக்குக் கிடைப்பதில் 16-இல் ஒரு பங்குதான். அறை சின்னதாக இருந்தால் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். பளபளப்பில்லாத துணியாக இருக்கட்டும். இரவில் எடுத்தால் ஜன்னலைப் பற்றிக் கவலையில்லை.

விளக்குகளை ஆளின் இரண்டு பக்கமும், தோளுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். முன்னாலிருந்து வெளிச்சமே வேண்டாம். இப்போது முகம் இருண்டு, கை, கழுத்து, இடுப்பு ஆகியவற்றின் விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். எட்டு உருவம் ஒன்றன்மேல் ஒன்று வந்தாலும் கோடுகள் கோடுகளாகவே தெரியும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் எட்டு உடலும் சேர்ந்து ஒரு வெள்ளைக் கட்டியாகிவிடும். பின்னால் வைத்த விளக்கு நேராக லென்ஸைத் தாக்காதபடி ஒரு அட்டையால் மறைத்துவிடுங்கள்.

உடை வெளிர் நிறத்தில், உடலோடு ஒட்டியதாக இருந்தால் கோடு கூர்மையாக வரும்.

போனை அடக்குவது

போன் கேமரா எதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே முயலும். கறுப்பு அறையைக் காட்டினால், "இருட்டாக இருக்கிறதே" என்று தானாகவே பிரகாசத்தை ஏற்றிவிடும். அதனால் ஆளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரையும் (கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவு) ஃபோகஸையும் பூட்டுங்கள். அப்புறம் எக்ஸ்போஷரைக் கீழே இழுங்கள். கண்ணுக்குக் கொஞ்சம் அதிக இருட்டாகத் தெரிவதே சரியான அளவு.

கையால் கட்டுப்படுத்தும் கேமரா செயலி இருந்தால் இன்னும் நல்லது. நொடிக்கு 24 ஃப்ரேம் அல்லது 25 ஃப்ரேம் வையுங்கள். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் பதியும் நேரத்தை, உங்கள் ஊர் மின்சாரம் தீர்மானிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னும், அங்கே 1/50 அல்லது 1/100 நொடி. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. இதை விட்டு விலகினால் காட்சி துடிக்கும். வெளிச்சம் போதுமென்றால் நான் 1/100-ஐத்தான் எடுப்பேன். நகரும் கையின் மங்கல் பாதியாகக் குறையும், விளிம்புக் கோடு சுத்தமாக வரும்.

பல போன்கள் ஃப்ரேம் வேகத்தைச் சீராக வைப்பதில்லை. ஃப்ரேம் எண்ணி அடுக்கும் நமக்கு அது ஆகாது. சந்தேகம் இருந்தால் ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டு எடிட்டிங்குக்குப் போங்கள்.

அசைவும் நிற்பதும்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

இரண்டு உருவங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: அசையும் வேகத்தைத் தாமதத்தால் பெருக்குங்கள். நொடிக்கு 24 ஃப்ரேமில், 4 ஃப்ரேம் தாமதம் என்றால் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. கை நொடிக்கு 1 மீட்டர் நகர்ந்தால், ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் சுமார் 17 சென்டிமீட்டர் இடைவெளி. தனித்தனிக் கைகளாகத் தெரியும். வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் இடைவெளி 4 சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்போது தெரிவது பல கைகள் அல்ல, ஒரு சிறகு. ஆக, வேகத்தை மாற்றுவதன் மூலம் நடிப்பவரே உருவத்தை மாற்றுகிறார். எந்த மென்பொருளையும் தொடாமல்!

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். எட்டு அடுக்கு, ஒவ்வொன்றும் 4 ஃப்ரேம் தாமதம் என்றால், கடைசி உருவம் முதல் உருவத்துக்கு 28 ஃப்ரேம் பின்னால் வருகிறது. ஒரு நொடிக்கும் சற்று அதிகம். நடிப்பவர் அதற்குள் அடுத்த அசைவைத் தொடங்கிவிட்டால் உருவங்கள் ஒன்று சேரவே சேராது. எவ்வளவு அழகாக அசைந்தாலும் ஒரு நிமிடம் முழுக்க ஒரே கலங்கலாக இருக்கும். எனவே ஒவ்வொரு அசைவின் முடிவிலும் முழுதாக இரண்டு நொடி நிற்க வேண்டும். விரல்கூட அசையக் கூடாது. உருவங்கள் வந்து சேர்வதைப் பார்ப்பவர் எதிர்பார்க்கத் தொடங்குவார். அந்த எதிர்பார்ப்பில்தான் படமே நடக்கிறது.

நிற்பது கடினம். மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்கும், எட்டு கோடாகத் தெரியும். படப்பிடிப்புக்கு முன் பத்து நிமிடம் நிற்பதை மட்டும் பயிற்சி செய்யுங்கள்.

எந்த அசைவில் தொடங்கலாம்? ஒரு சமயத்தில் ஓர் உறுப்பு மட்டும். கையைப் பக்கவாட்டில் உயர்த்துங்கள். நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். சட்டகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து நில்லுங்கள், பின்னால் ஒரு வரிசையே வந்து உங்களுக்குள் புகும். இன்னொன்றையும் கட்டாயம் முயன்று பாருங்கள்: கையை உயர்த்தி, நிறுத்தாமல், போன வழியிலேயே இறக்குங்கள். இறங்கும் கை, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் தன் பழைய உருவங்களுக்குள் புகுந்து வரும். முதல்முறை இதைத் திரையில் பார்த்தபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நொடி அசையாமல் நில்லுங்கள். எதற்கு என்பது அடுத்த பகுதியில் புரியும்.

அடுக்குவது

நான் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். கேடென்லைவ், ஷாட்கட், பிளெண்டர் ஆகியவற்றிலும் லைட்டன் உண்டு. மெனுவின் இடம்தான் மாறும்.

வீடியோவை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே ப்ராஜெக்ட் அமைப்பில் ஃப்ரேம் வேகத்தை எடுத்த வேகத்துக்கே வையுங்கள். பிறகு மாற்றுவது சிக்கல். கிளிப்பை டைம்லைனில் போட்டு, ஆடியோவை நீக்கிவிடுங்கள். அடுத்து கலர் பக்கத்துக்குப் போய், லிஃப்டை (இருண்ட பகுதிகளின் பிரகாசத்தை மாற்றும் கட்டுப்பாடு) குறைத்து, பின்னணி முழுக் கறுப்பாகும் வரை இறக்குங்கள். நிறத்தையும் எடுத்துவிடலாம். இதை நகலெடுப்பதற்கு முன்பே செய்தால் எல்லா அடுக்குக்கும் தானாகப் போய்ச் சேரும்.

இப்போது ஆல்ட் விசையைப் பிடித்தபடி கிளிப்பை மேல் டிராக்குக்கு இழுங்கள், ஒரு நகல் வரும். மேல் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து முற்றுப்புள்ளி விசையை நான்கு முறை தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃப்ரேம் வலப்பக்கம் நகரும். பிறகு இன்ஸ்பெக்டரில் காம்போசிட் மோட் என்ற இடத்தில் லைட்டனைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு உருவம் தயார்.

எட்டுக்கும் இப்படியே ஏழு நகல் எடுக்கலாம். ஆனால் இரட்டிப்பது சுலபம். இரண்டு கிளிப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் காம்பவுண்ட் கிளிப் (பல கிளிப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரே கிளிப்) ஆக்குங்கள். அதை நகலெடுத்து மேலே போட்டு 8 ஃப்ரேம் நகர்த்தி லைட்டன் வையுங்கள், நான்கு உருவம். மறுபடி காம்பவுண்ட், மறுபடி நகல், இம்முறை 16 ஃப்ரேம், எட்டு உருவம். இன்னொரு முறை 32 ஃப்ரேம் என்று செய்தால் பதினாறு. ஆனால் அப்போது கடைசி உருவம் முதல் உருவத்துக்கு 60 ஃப்ரேம் பின்தங்கும். நிற்கும் நேரமும் மூன்று நொடிக்கு மேல் போக வேண்டும். முதல் படத்துக்கு எட்டே போதும்.

தொடக்கத்தில் மேல் அடுக்குகள் இன்னும் தொடங்கியிருக்காது, முடிவில் அடி அடுக்கு முதலில் தீர்ந்துவிடும். ஐந்து நொடி நிற்கச் சொன்னது இதற்காகத்தான். இரண்டு முனையையும் அந்த அசைவற்ற பகுதியில் வெட்டிவிடுங்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு எக்கோ என்ற எஃபெக்ட் இதையே ஒரு நொடியில் செய்துவிடும். எக்கோ ஆபரேட்டரை மாக்ஸிமம் என்று வைத்தால் லைட்டனுக்குச் சமம். இருந்தாலும் ஒரு முறையாவது கையால் அடுக்கிப் பாருங்கள் என்பேன். தாமதத்தை எங்கே கூட்டலாம், எங்கே குறைக்கலாம் என்பது அப்போதுதான் விரல்களுக்குப் பழகும்.

விளையாடிப் பார்க்க

மூன்றே அடுக்கு எடுத்து, ஒன்றைச் சிவப்பாகவும் ஒன்றைப் பச்சையாகவும் ஒன்றை நீலமாகவும் மாற்றி, ஆட் முறையில் (பிரகாசங்களை அப்படியே கூட்டும் கலப்பு முறை) சேருங்கள். ஆள் நிற்கும்போது மூன்றும் கலந்து வெள்ளை. அசைந்ததும் நிறங்கள் பிரியும். அதேபோல வெள்ளைப் பின்னணிக்கு முன் இருண்ட உருவத்தை எடுத்து, லைட்டனுக்குப் பதில் அதிக இருட்டானதை எடுக்கும் டார்க்கன் முறையை வைத்தால் மை தீட்டியதுபோல வரும்.

ஒலிக்கும் இதே தாமதத்தைக் கொடுக்கலாம். நொடிக்கு 24 ஃப்ரேமில் 4 ஃப்ரேம் என்பது 167 மில்லி நொடி. ஒரு கைத்தட்டலையோ ஒற்றைத் தந்தி ஒலியையோ பதிந்து, டிலே எஃபெக்டில் அந்த எண்ணைப் போடுங்கள். காதும் கண்ணும் ஒரே இடைவெளியில் எண்ணத் தொடங்கும்.

ஏற்றுமதி செய்யும்போது பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவு) தாராளமாக வையுங்கள். இருண்ட பகுதிகளில் படிப்படியாகக் கோடு விழுவது இந்த மாதிரிப் படங்களின் பெரிய தொல்லை. மிக மெல்லிய கிரெய்ன் (படச்சுருளில் தெரிவதுபோன்ற நுண்புள்ளிகள்) சேர்த்தால் பெருமளவு மறையும். முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, திரையின் பிரகாசத்தை முழுதாக ஏற்றிப் பாருங்கள். பின்னணிச் சுவரோ துணியின் ஒரு மடிப்போ கண்ணில் பட்டால், முதல் கிளிப்புக்குத் திரும்பிப் போய் லிஃப்டை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.