மோனோவில் காணாமல் போன கிட்டார்

நான் பதிந்த கிட்டார் ஹெட்ஃபோனில் அவ்வளவு அகலமாக விரிந்து கேட்டது. ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால், குழாய்க்குள் இருந்து வாசிப்பது போல உள்ளே ஒன்றுமில்லாத வெற்று ஒலி. எல்லா ஒலியும் கடைசியில் சேரும் மாஸ்டர் டிராக்கில், இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் மோனோ பட்டனை அழுத்தினேன், அங்கேயும் அப்படியேதான்.

காரணம் நான் போட்ட நகல். ஒரே டேக்கை, அதாவது ஒரு முறை வாசித்த பதிவை, காப்பி செய்து, இடமும் வலமுமாக ஒரே அளவில் வைத்து, ஒன்றை மட்டும் 10 மில்லிசெகண்ட் தள்ளியிருந்தேன். மோனோவில் இரண்டும் கூடும்போது 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று சீப்புப் பல் போல வரிசையாக அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். குறிப்பிட்ட அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்யூவில் அவற்றை ஏற்றிப் பார்த்தேன், பலனில்லை. அழிந்துபோன ஒலியை எப்படி ஏற்றுவது?

நகலைத் தூக்கிவிட்டு, அதே பகுதியை இன்னொரு முறை வாசித்துப் பதிந்தேன். விரல் அழுத்தத்திலும் நேரத்திலும் வரும் சின்னச் சின்ன வேறுபாடுதான் நிஜமான அகலம். அப்புறம் மோனோ பட்டனை அழுத்தினால் கிட்டார் கொஞ்சம் ஒடுங்கியது, ஆனால் அதன் கனம் போகவில்லை.