ப்ரமோஷனா, பாம்பனா: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

வங்கியில் கிளார்க்காக இருக்கும் பெண்களுக்கு ஆபீசர் ப்ரமோஷன் சுற்றறிக்கை வந்தாலே வயிற்றைக் கலக்கும். சம்பளம் ஏறும். கூடவே, இந்தியாவில் எங்கே போட்டாலும் போகவேண்டும். எனக்கு வீடு பாம்பனில், கணவருக்கு விசைப்படகு, இரண்டு பிள்ளைகள். நான் முடிவெடுத்த விதத்தைச் சொல்கிறேன்.

"வேலை முக்கியமா, குடும்பம் முக்கியமா?" என்று யார் கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். ஒரு நோட்டை எடுங்கள். நீங்கள் இல்லாத நாளில் எந்த வேலையை யார் செய்வார்கள் என்று மணி வாரியாக எழுதுங்கள்: சின்னவளுக்குத் தலை பின்னுவது, பள்ளி வேன், பெரியவனின் ட்யூஷன், மாமியாரின் சுகர் மாத்திரை. எந்த வரிக்கு நேரே பெயர் எழுத முடியவில்லையோ அதுதான் உங்கள் பிரச்சினை. மற்றதெல்லாம் பயம்.

எங்கள் நோட்டில் பெயரில்லாமல் நின்றது, அவர் கடலுக்குப் போகும் இரவுகள். இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும், அதனால் மூன்று இரவு. அதற்கு மதினி வந்து படுத்துக்கொள்கிறார். சொந்தம்தானே என்று சும்மா வரச் சொல்லக் கூடாது. மாதம் இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடுங்கள், பின்னால் மனத்தாங்கல் வராது.

அடுத்து பணம். ஏறும் சம்பளத்தில் வெளியூர் வாடகை, சாப்பாடு, ரயில், மதினிக்குக் கொடுப்பது எல்லாம் கழித்துப் பாருங்கள். சில மாதம் கையில் ஒன்றுமே மிஞ்சாது. ஆனாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கும். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் படகே போச்சு. அந்த வீட்டில் மாதச் சம்பளம் ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் கணவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

தடைக்காலத்தில் அவர் வலை பொத்துவார், பெயின்ட் அடிப்பார், ஆனால் இரவு வீட்டில் இருப்பார். பயிற்சியோ புது ஊரில் சேர்வதோ அந்த நேரத்தில் அமைந்தால் விடாதீர்கள். பள்ளிக்கும் லீவு, பிள்ளைகளைக் கூடக் கூட்டிப்போகலாம்.

பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ என்றால் ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். ஆனால் விண்ணப்பிக்காமல் தள்ளிப்போடுவது வேறு, தேர்வான பிறகு வேண்டாம் என்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் மறுபடி எப்போது விண்ணப்பிக்க விடுவார்கள் என்று யூனியனில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எனக்குச் சென்னை கிடைத்தது. மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனி வங்கி விடுமுறை. வெள்ளி சாயங்காலம் ராமேஸ்வரம் ரயில் ஏறினால் சனி காலை வீடு. ஞாயிறு கிளம்பி, திங்கள் நேராக ஆபீஸ். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். ஞாயிறு டிக்கெட்டை முதலில் போடுங்கள், அதுதான் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.