டைட்டானியம் ரேக்கில் மின்சாரம் எங்கே தொலைகிறது?

பவர் சப்ளையைப் போட்டதும் ஆம்பியர் நன்றாக ஏறுகிறது. சில நிமிடங்களில் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தை நெருங்குகிறது. உடனே வோல்ட்டைக் கூட்டிப் பார்க்கத்தான் கை போகும். வீட்டில் அலுமினியத்தை அனோடைஸ் செய்பவர்கள் (அதாவது அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, அதன்மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பவர்கள்) செய்கிற தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். போகப் போக ஆம்பியர் ஓரளவு குறைவது இயல்புதான். அடியோடு விழுந்தால், பொருளும், அதைப் பிடித்து மின்சாரம் கொடுக்கும் ரேக்கும் தொடுகிற இடம் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடுக்கில் அமிலம் புகுந்து, அங்கேயும் அலுமினிய ஆக்சைடு வளர்ந்துவிட்டது. அதில் மின்சாரம் பாயாது. அதன்பின் பொருளை அசைத்தாலும் திருகினாலும் பயனில்லை. சப்ளையை அணைத்து, பொருளைக் கழற்றி, படலத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து, முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி.

அடுத்து, ரேக்கின் நிறத்தைக் குறை சொல்வது. டைட்டானியம் பொன்னிறமாகவோ ஊதாவாகவோ மாறினால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். அதன்மேல் வளரும் மெல்லிய படலம் அமிலத்துக்குள் மின்சாரம் கசியாமல் தடுக்கிறது. இதற்காகத்தானே டைட்டானியத்தையே வாங்குகிறோம்! அழுத்தமாகத் தொடும் இடத்தில் அந்தப் படலம் தடையாக இருப்பதில்லை. ஆனால் அழுத்தம் கட்டாயம் வேண்டும். கொக்கியில் சும்மா தொங்கவிட்ட பொருள், தொட்டியில் காற்றுக் குமிழி கலக்கும்போது ஆடி ஆடித் தொடர்பை இழக்கும். ஸ்பிரிங் போல விரிந்து பிடிக்கும்படி வளையுங்கள். திருகுத் துளை இருந்தால் டைட்டானியம் போல்ட்டையே இறுக்கிவிடுங்கள். இரண்டு இடத்தில் பிடி இருந்தால் இன்னும் நல்லது.

பரப்பளவுக் கணக்கிலும் டைட்டானியத்தைச் சேர்க்கக் கூடாது. சதுர டெசிமீட்டருக்கு 1.5 ஆம்பியர் என்று வைத்தால், 4 சதுர டெசிமீட்டர் பொருளுக்கு 6 ஆம்பியர் போதும். அலுமினியக் கம்பியும் அமிலத்துக்குள் இருந்தால் மட்டும் அதன் பரப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கம்பியின் தடிமனைப் பலர் யோசிப்பதே இல்லை. டைட்டானியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் ஏறத்தாழ 3 சதவீதம்தான். 20 செ.மீ. நீளமுள்ள 1 மி.மீ. தூய டைட்டானியம் கம்பியில் 10 ஆம்பியர் விட்டால், சுமார் 1.4 வோல்ட் அங்கேயே போய்விடும். 14 வாட் சூடும் கிளம்பும். அலுமினியமும் வனேடியமும் கலந்த கிரேடு 5 இதைவிட மோசம்.

அப்புறம், மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது. முனை மேலோட்டமாகத் தொட்டால் படலம் ஏமாற்றிவிடும். மின்சாரம் ஓடும்போதே டிசி வோல்ட்டில் அளந்து பாருங்கள்: ஒரு முனை சப்ளையின் பாசிட்டிவ் முனையத்தில், மற்றது அமிலத்துக்கு மேலே உள்ள ரேக்கில். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கிளிப்பிலோ வயரிலோ கோளாறு. அமில ஆவி கிளிப்பை அரித்திருக்கும். வெளியே இழப்பே இல்லாமல் ஆம்பியர் மட்டும் குறைந்தால், கோளாறு தொட்டிக்குள் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கிளிப்பை மட்டும் பிடுங்காதீர்கள். கேத்தோடில் (தொட்டிக்குள் உள்ள நெகட்டிவ் முனையில்) ஹைட்ரஜன் கிளம்புகிறது, ஒரு பொறி போதும்.

சாயம் போட்டபின் ஒரு ரேக்கில் ஒரே ஒரு துண்டு மட்டும் வெளுத்திருந்தால், அதைக் கழற்றித் தொட்ட இடத்தைப் பாருங்கள். பிடி நின்றிருந்தால் அங்கே பளபளப்பான வெற்று அலுமினியப் புள்ளி தெரியும். கருகிக் குழி விழுந்திருந்தாலோ சாயம் ஏறியிருந்தாலோ பிடி நழுவியது அந்த இடத்தில்தான்.