மூளைக்கட்டித் திசுவில் கிளைக்கோலிப்பிடுகளை (சர்க்கரை இணைந்த கொழுப்புகளை) சாயமேற்றிப் பார்ப்பது எப்படி?

பாரஃபினில் பதித்த திசு இதற்கு உதவாது. பதிக்கும்போது பயன்படும் ஆல்கஹாலும் சைலீனும் கிளைக்கோலிப்பிடுகளைக் கரைத்துக்கொண்டு போய்விடும். சீவல் அழகாக இருக்கும், தேடும் பொருள்தான் இருக்காது.

கட்டித் துண்டை திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய ஐசோபென்டேனில் உடனே உறையவையுங்கள். மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் திசுவைச் சல்லடையாக்கிவிடும். கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவைச் சீவும் கருவி) 8–10 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, 4% பாராஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். ஃபார்மால்டிஹைடு புரதங்களைத்தான் பிணைக்கும், லிப்பிடுகளை அல்ல. அதனால் லிப்பிடைக் கரைத்துவிடும் டிரைட்டன், ட்வீன் (இரண்டும் சோப்பு போன்றவை), மெத்தனால் எந்தப் படியிலும் கூடவே கூடாது. வழக்கமான கழுவு கரைசலில் ட்வீன் கலந்திருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான்.

1% ஆல்புமினில் அரை மணி நேரம் ஊறிய பின், தேடும் கிளைக்கோலிப்பிடைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) இட்டு, 4 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். இதற்குப் பயன்படும் ஏ2பி5, ஓ4 என்ற எதிர்ப்பொருள்கள் இரண்டும் ஐஜிஎம் வகை. அவற்றின் மேல் ஒட்டி ஒளிரவேண்டிய இரண்டாம் எதிர்ப்பொருள், ஐஜிஜி என்ற வேறு வகையை மட்டும் பிடிப்பதானால் எதுவும் ஒளிராது. அதே வகையைச் சேர்ந்த, இலக்கில்லாத எதிர்ப்பொருளை இட்ட சீவல் ஒன்றும் கட்டாயம் வேண்டும். நசிந்த பகுதிகள் தாமாகவே ஒளிர்ந்து ஏமாற்றும்.

ஜிடி3 என்ற கிளைக்கோலிப்பிடு தெரிந்தவுடன் கட்டிச் செல் என்று முடிவுகட்டாதீர்கள். மூளையின் துணைச் செல்களான மைக்ரோகிளியாவும் ஆஸ்ட்ரோசைட்டும் தூண்டப்பட்டால் அவற்றிலும் அது தோன்றும். ஆஸ்ட்ரோசைட்டை அடையாளம் காட்டும் ஜிஎஃப்ஏபி புரதம் செல்லுக்குள் இருப்பது, டிரைட்டன் கேட்கும். அதை அடுத்த சீவலில் தனியாகச் செய்யுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? மீதித் திசுவிலிருந்து குளோரோஃபார்ம்–மெத்தனாலில் லிப்பிடைப் பிரித்து, மெல்லடுக்கு நிறப்பகுப்பில் ஓடவிட்டு, ரிசார்சினால் தெளித்துச் சூடாக்குங்கள். கேங்கிளியோசைடுகள் (ஜிடி3 போன்ற கிளைக்கோலிப்பிடுகள்) நீல ஊதாவாகத் தெரியும்.