டிரான்ஸ்கிரிப்டை எண்ணாக்குவது எப்படி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி டிரான்ஸ்கிரிப்டுகளை, அதாவது மாணவர் படித்த பாடங்களும் வாங்கிய கிரேடுகளும் உள்ள பதிவுகளை, பிரித்துக் கணக்கெடுப்பது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களிடம் முதலில் டிரான்ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பள்ளியின் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 'கணிதம் 3' என்ற தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பது அல்ஜீப்ராவா, ஜியோமெட்ரியா, இரண்டும் கலந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டியலில் உள்ள விளக்கத்தைப் படித்த பிறகுதான் எஸ்சிஇடி குறியீடு, அதாவது பள்ளிப் பாடங்களை வகைப்படுத்தும் அமெரிக்கப் பொதுக் குறியீடு, போட வேண்டும். முதல் இரண்டு இலக்கம் துறையைக் காட்டும், கணிதத்துக்கு 02. அல்ஜீப்ரா 1 என்றால் 02052.

அடுத்தது கிரெடிட், அதாவது ஒரு பாடத்தை முடித்ததற்குப் பள்ளி தரும் அளவு. கலிஃபோர்னியாவில் பல பள்ளிகள் ஓராண்டுப் பாடத்துக்கு 10 கொடுக்கும், வேறு இடங்களில் 1. எல்லாவற்றையும் கார்னகி யூனிட்டுக்கு, அதாவது 120 மணி நேர வகுப்புக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் கிரேடு: ஏ என்றால் 4. கல்லூரி நிலைப் பாடமான ஏபி வகுப்புக்குச் சில பள்ளிகள் தரும் கூடுதல் புள்ளியைத் தயங்காமல் வெட்டுங்கள், இல்லாவிட்டால் பள்ளிகளை ஒப்பிடவே முடியாது.

எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா முடித்தவர்களைக் கவனியுங்கள். அது பல டிரான்ஸ்கிரிப்டுகளில் வராது.

சராசரி ஜிபிஏ (ஒரு மாணவரின் கிரேடு புள்ளிகளின் சராசரிதான் ஜிபிஏ) 1990இல் 2.68, 2019இல் 3.11 என்கிறது தேசிய ஆய்வு. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்று உடனே எழுதிவிடாதீர்கள். 2009க்கும் 2019க்கும் இடையில் ஜிபிஏ ஏறியது, பன்னிரண்டாம் வகுப்புத் தேசியக் கணிதத் தேர்வின் சராசரி ஏறவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே அட்டவணை போடுங்கள்.