முதல் டாட்டூ கிட்: மெஷினைப் பார்த்து வாங்கி ஊசியில் கோட்டை விடாதீர்கள்

பச்சை குத்தக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பெரும்பாலோர் கிட்டை வாங்கிய பிறகுதான் ஆலோசனை கேட்கிறார்கள். ஆசையோடு திறந்து காட்டப்படும் அந்தப் பெட்டிகளுக்குள், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் எங்களை அலைக்கழித்த அதே பொருள்களையே மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது போன்ற, எவருக்கும் தெரிந்த செய்திகளை விட்டுவிட்டு, வாங்கும்போதே நேர்ந்துவிடும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எண்ணிக்கையில் மயங்குவது

இரண்டு மெஷின், நாற்பது நிற மை, ஐம்பது ஊசி என்று அடுக்கியிருக்கும் பெட்டி கண்ணைக் கவரத்தான் செய்யும். ஆனால் தொடங்குபவருக்கு நம்பகமான ஒரு மெஷின், சீரான மின்சாரம் தரும் பவர் சப்ளை, இரண்டு மூன்று வகை ஊசி, தரமான ஒரு கறுப்பு மை, பழகுவதற்குச் செயற்கைத் தோல் ஆகியவையே போதும். கோடும் நிழலும் கறுப்பிலேயே கைவந்துவிடும். அந்த நாற்பது பாட்டில்களுக்குக் கொடுக்கும் பணத்தை ஊசிக்குச் செலவிட்டால், அடுத்து நான் சொல்லப்போகும் தொல்லை வராது.

சவ்வு இல்லாத கார்ட்ரிட்ஜ்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

பேனா வடிவ மெஷினில் மாட்டும் ஊசிக்கூடான கார்ட்ரிட்ஜுக்குள் ஊசி நொடிக்குச் சுமார் நூறு முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு முறை பின்வாங்கும்போதும் மையும், தோலிலிருந்து கசியும் ரத்தமும் நீரும் அதனுடன் பின்னால் வரப் பார்க்கும். நல்ல கார்ட்ரிட்ஜின் பின்பகுதியில் உள்ள மெல்லிய மீள்தன்மைச் சவ்வு இந்தக் கசிவை அங்கேயே அடைத்துவிடும். மலிவான கிட்களில் வரும் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் இந்தச் சவ்வே இருப்பதில்லை. ஊசியைப் பின்னுக்கு இழுக்க ஒரு ரப்பர் வளையம் மட்டும் இருக்கும். ஊசி துள்ளித் திரும்புவதைப் பார்த்து, சவ்வு இருக்கிறது என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார்.

மெஷின் திடீரென்று திணறுவதாகச் சொல்லி ஓர் இளைஞர் தம்முடையதை என்னிடம் கொண்டுவந்தார். கைப்பிடியான கிரிப்பைக் கழற்றியபோது, ஊசியைத் தள்ளும் தண்டைச் சுற்றிக் கறுப்பும் பழுப்புமாக ஒரு படலம் இறுகிப்போயிருந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தால் கறுப்பு கரைந்தது. பழுப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னே மோட்டாரின் பேரிங் வரை ஈரம் ஏறியிருந்தது. அந்த மெஷினால் அவர் தம் நண்பர்கள் சிலருக்கு ஏற்கெனவே பச்சை குத்தியிருந்தார். ஒவ்வொருவருக்கும் புதிய கார்ட்ரிட்ஜ் மாட்டியதாகவும், எல்லாம் சுத்தமாகவே நடந்ததாகவும் உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் முந்தையவரின் ரத்தம் தங்கிய தண்டுதான் அடுத்தவரின் புதிய ஊசியைத் தள்ளியது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஹெப்படைடிஸ் பி, சி போன்ற நோய்கள் ரத்தத்தின் வழியே பரவுபவை என்னும்போது, மோட்டார் கெட்டுப்போனதை நட்டக் கணக்கில் சேர்க்கவே தோன்றவில்லை. எஃகுக் கிரிப்பைக் கழற்றி கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைக்கலாம். மோட்டாரை அப்படி வைக்க முடியாது.

ஆகவே, புதிய வகை கார்ட்ரிட்ஜ் எதை வாங்கினாலும் ஒன்றைச் சோதனைக்கென்று பலியிடுங்கள். அதன் முனையைச் சாயம் கலந்த நீரில் தோய்த்துப் பின்தண்டைப் பலமுறை அழுத்திவிட்டு, தலைகீழாகப் பிடித்துப் பின்புறத்தில் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். தாளில் சாயம் பட்டால் அந்தப் பெட்டி முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜும் தனித்தனி உறையில் இருப்பதும், அந்த உறையில் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கம் செய்யப்பட்ட குறிப்பும், தொகுதி எண்ணும், காலாவதி நாளும் அச்சாகியிருப்பதும் கட்டாயம்.

பெயர் தெரியாத மை

தயாரிப்பாளர் பெயர், உட்பொருள், தொகுதி எண் ஆகியவை இல்லாத மையைச் செயற்கைத் தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விவரங்கள் எல்லாம் இருந்தாலும் கவனம் வேண்டும். 2011 இறுதியில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில், முன்கூட்டியே நீர் கலந்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையால் 19 பேருக்குத் தோலில் தொற்று ஏற்பட்டது. நோயாளிகளிடம் கண்ட அதே மைக்கோபாக்டீரியம் கெலோனே என்ற நுண்ணுயிரி, திறக்கப்படாத ஒரு பாட்டிலிலும் இருந்தது. காய்ச்சி வடித்த நீர் கிருமி நீக்கப்பட்ட நீராகிவிடாது என்பதை மை கலக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

பழகும் முன்பே நண்பரின் கையில் குத்துவது

வேண்டவே வேண்டாம்.

லேடெக்ஸ் கையுறை

சிலருக்கு ஒவ்வாமை தரும், நைட்ரைல் வாங்குங்கள்.

காயிலா, ரோட்டரியா என்ற குழப்பம்

மின்காந்தச் சுருளால் ஊசியை இயக்கும் காயில் மெஷினில் ஸ்பிரிங்கையும் தொடுதிருகையும் அவ்வப்போது சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். கோடு பழகும் நாள்களில் அந்தச் சுமையும் சேர்ந்தால், பிழை கையிலா மெஷினிலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். அதனால் தொடங்குபவருக்கு, சுழலும் மோட்டாரால் இயங்கும் ரோட்டரியையே பரிந்துரைக்கிறேன். ஸ்ட்ரோக், அதாவது ஊசி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் தூரம், 3.5 மில்லிமீட்டராக இருந்தால் கோடு, நிழல் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். பவர் சப்ளையில் வோல்ட் ஏறி இறங்கினால் கோடும் விட்டுவிட்டு விழும். அதைத் தம் கை நடுக்கம் என்று எண்ணிச் சோர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊசி எண்ணைப் படிக்காமல் வாங்குவது

1207 ஆர்எல் என்பதில் 12 என்பது ஒவ்வொரு ஊசியின் தடிமன் 0.35 மில்லிமீட்டர் என்பதையும், 07 என்பது ஏழு ஊசிகள் சேர்ந்திருப்பதையும், ஆர்எல் என்பது கோட்டுக்கான வட்ட அமைப்பையும் குறிக்கும். தொடக்கத்தில் பலரும் மெல்லிய கோடு அழகாக இருக்கும் என்று கோடு போடும் மூன்று ஊசி லைனரையே தேர்ந்தெடுக்கிறார்கள். அது சிறு நடுக்கத்தையும் அப்படியே காட்டிக்கொடுப்பதோடு, கை சற்று அழுந்தினாலும் தோலைக் கிழித்துவிடும். ஏழு ஊசி லைனரில் கை நின்ற பிறகு மூன்றுக்கு வாருங்கள். நிழலுக்கு ஒன்பது ஊசிகள் ஈரடுக்கு வரிசையாக அமைந்த வளைந்த மேக்னம் ஒன்று போதும்.