செம்பருத்தித் தேநீர் சிவக்கவில்லையா?

செம்பருத்தித் தேநீர் சிவப்பாக இறங்காமல் மங்கிய ஊதாவாக நின்றால், இன்னும் நாலு பூவைக் கிள்ளிப் போடாதீர்கள். வடிகட்டிய பின் டம்ளருக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் போதும். சாறு விழுந்த இடத்திலேயே சிவப்பு பூத்துப் பரவும்.

ராமநாதபுரம் கடற்கரையின் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள பைகார்பனேட்டால் காரத்தன்மை ஏறும். பூவின் நிறமியான ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் போகும். சங்குப்பூவும் இப்படித்தான், அது எலுமிச்சையில் ஊதாவாகும்.

அளவு: 200 மி.லி. தண்ணீருக்கு 3 ஒற்றை அடுக்குச் செம்பருத்திப் பூ. பச்சைப் புல்லியையும் மகரந்தத் தண்டையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் எடுங்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இதழைப் போட்டு 5 நிமிடம் மூடி வையுங்கள். இதழோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் நிறமி சிதையும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது, இரும்பில் கருத்துவிடும்.

ஆவாரம்பூ, துளசிக்கு இந்த வித்தை பலிக்காது, அவற்றின் நிறம் வேறு வகை. உப்புக் கரிப்பையும் எலுமிச்சை போக்காது. கரிக்கிற தண்ணீர் என்றால், குடத்தில் வாங்கும் நல்ல தண்ணீரில் இந்த ஒரு டம்ளரையாவது போடுங்கள். பால் சேர்ப்பவர்கள் எலுமிச்சை விடக்கூடாது, திரிந்துவிடும். கர்ப்பிணிகளும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செம்பருத்தித் தேநீர் குடிக்க வேண்டாம்.